அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்

கரவெட்டியில் அவருடைய வீட்டுக்கு முதன்முதலாகப் போகிற எவரும் வழி தவறியதில்லை. போனில் அவர் வழி சொல்லும் விதம் அப்படி.

"நீங்கள் நெல்லியடிப் பக்கத்தாலை வாறியளோ, மற்றப் பக்கத்தாலையோ?" என்று முதலில் கேட்பார். பதில் வந்த பிறகுதான் வலம், இடமெல்லாம் வாயில் வரும். "அப்ப நீங்கள் வாற பக்கத்தாலை பாத்தால் மதவு தாண்டி வலக்கைப் பக்கம் நீலக் கேற். மற்றப் பக்கத்தாலை வாற ஆக்களுக்கு அது வேப்பமரத்துக்குப் பின்னாலை மறைஞ்சு போம். உங்களுக்கு நல்லாய்த் தெரியும்."

நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அரச அலுவலகம் ஒன்றில் வேலை. அங்கே ஒருமுறை விண்ணப்பங்கள் பற்றிய அறிவித்தல் ஒன்றைத் தட்டச்சு செய்து கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். ஒட்டிவிட்டு வெளியே போய், சனத்தோடு சனமாக வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். கண்ணாடியில் வெயில் பட்டு ஓர் எழுத்தும் தெரியவில்லையாம். மூன்று தரம் இடம் மாற்றி ஒட்டினார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே கேட்காது. அதனால் அவருடைய முதல் மொழி கையால் கதைக்கும் மொழி. தமிழை அக்கம்பக்கத்திலும் பள்ளிக்கூடத்திலும் பழகினார். குடாநாட்டில் காது கேளாதவர்களுக்கு ஆஸ்பத்திரியிலோ கோட்டிலோ பொலிசிலோ ஒரு காரியம் என்றால் அவரைத்தான் தேடுவார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அக்காவுக்கு வைத்த பெயர், இரண்டு விரலைத் தன் கண்ணில் வைத்து எதிரே கொண்டுபோய், அங்கிருந்து தன்னைப் பார்க்கிற மாதிரித் திருப்புவது. இப்போது அவர் முல்லைத்தீவில் இருக்கிறார். அங்கேயும் அதே பெயர்தானாம்.

என்னுடைய தங்கை வதனிக்கும் காது கேட்காது. அவள் மூலமாகத்தான் அக்கா எனக்குப் பழக்கம்.

எனக்குச் சாவகச்சேரியில் கல்யாண வீடியோ எடுக்கிற தொழில். இங்கே தாலி கட்டும்போது கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். அந்த நேரலையில் நான் பேர் எடுத்தவன். கூறைச் சேலையின் சரிகையை எண்ணி எடுக்கலாம் என்று சொல்வார்கள். அந்தத் தெளிவு என்னுடைய பெருமை.

பிறகு நோய்க்காலம் வந்தது. ஊரடங்கு. கல்யாணங்கள் நின்றன. ரீவியில் இரவும் பகலும் அறிவுரை சொன்னார்கள். ஆனால் சொல்கிறவர்கள் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். வாயசைவைப் பார்த்துக் கொஞ்சம் விளங்கிக்கொண்டிருந்த வதனிக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. அப்போது அவள் நாலு மாதக் கர்ப்பிணி. அவளுடைய கணவன் சீலனுக்கும் காது கேட்காது. அவன் வேலை செய்த தச்சுப் பட்டறையும் பூட்டியிருந்ததால், இருவரும் வீட்டுக்குள் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஒரு ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, தெரிந்த டொக்டர் ஒருவர் போனில் பேசுவார். அக்கா அதைக் கையால் சொல்லுவார். குடாநாடு முழுக்க இருக்கிறவர்கள் தங்கள் போனில் நேரலையாகப் பார்க்கலாம். "அண்ணா செய்து தருவான்" என்று வதனி என்னைக் கேட்காமலே கைகாட்டிவிட்டாள்.

நான் ஊரடங்குப் பாஸ் எடுத்துக்கொண்டு கரவெட்டிக்குப் போனேன். என்னுடைய நல்ல கமெரா, நல்ல லைற். கணினியில் எல்லாவற்றையும் ஆக உயர்ந்த அளவில் வைத்தேன். அக்கா மஞ்சள் சேலை உடுத்திருந்தார். பின்னால் பூப்போட்ட திரை, பக்கத்து ஜன்னலில் வாழை இலை ஆடிக்கொண்டிருந்தது. என்னுடைய மொனிற்றரில் பார்க்க ஓவியம் மாதிரி இருந்தது.

முடிந்ததும் அக்கா கேட்டார். "அங்கை எப்பிடித் தெரிஞ்சது தம்பி?"

"நல்ல வடிவாய்ப் போச்சு அக்கா. இஞ்சை பாருங்கோ."

"இது இஞ்சை. நான் அங்கை கேட்டனான்."

"ஒருத்தரும் குறை சொல்லேல்லையே அக்கா."

அவர் மொனிற்றரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் ஞாயிறும் அப்படித்தான். நாலாவது கிழமை, "இந்த முறை கமெராவை ஸ்ராண்டிலை பூட்டித் தந்திட்டு நீங்கள் கீரிமலையிலை பாக்கிற ஒரு வீட்டுக்குப் போங்கோ. அங்கையிருந்து பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் தொழில் தெரிந்தவன். ஊரடங்குக்குள், அந்த வெயிலில், குடாநாட்டின் மறுகரைக்கு மோட்டார்சைக்கிளில் போய் என்னுடைய படத்தை நானே பார்க்க வேண்டுமாம். ஆனால் அக்காவிடம் மறுத்துக் கதைக்க வாய் வராது. போனேன்.

கீரிமலைப் பக்கம் பனங்காணிக்குள் ஒரு சின்ன வீடு. வயதான தம்பதி. இருவருக்கும் காது கேட்காது. அவர் தோட்டம் செய்கிறவர். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டு, கண்ணாடி வெடித்த போனை ஒரு செம்பில் சாய்த்து நிறுத்தினார். மூவரும் அதன் முன்னால் இருந்தோம்.

நாலு மணிக்கு அக்கா வந்தார். வந்தார் என்றா சொல்வது. மஞ்சளும் சிவப்புமாகச் சில கட்டங்கள் வந்தன. அவை கூடி அக்காவாகின. அவர் கையைத் தூக்கினார். கை அந்தரத்தில் அப்படியே நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன், ஐந்து, ஆறு. பிறகு அவர் வேறெங்கோ இருந்தார், கை மடியில் கிடந்தது. அதற்கிடையில் என்ன சொன்னார் என்பது அந்த வீட்டுக்கு வரவேயில்லை. பெரியவர் முன்னுக்குச் சரிந்து, நெற்றியைச் சுருக்கி, வந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பெருமையாக உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பிரெஷர் மாத்திரை. முக்கால்வாசி அப்படியே இருந்தது. தங்கையோடு வளர்ந்ததால் எனக்கும் கைமொழி ஓரளவு விளங்கும். அவர் சொன்னார்: அக்கா சொன்னா, நான் நிப்பாட்டிவிட்டேன்.

போன கிழமை டொக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. நோய்க்குப் பயந்து வழமையான மாத்திரைகளை நிற்பாட்ட வேண்டாம் என்றார். அக்கா 'மாத்திரை' என்று காட்டினார், 'நிற்பாட்டு' என்று காட்டினார், பிறகு தலையை ஆட்டிக் கையை வீசி 'கூடாது' என்றார். அந்தத் தலையாட்டல் ஒரு செக்கன்கூட இருக்காது. என்னுடைய வடிவான படம் அந்த ஒரு செக்கனை வழியில் எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறது.

நான் உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் நேரலையை அப்படியே நிறுத்திவிட்டு டொக்டரிடம் கேட்டுச் சொன்னார். பெரியவரை மோட்டார்சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிரெஷர் மிகவும் ஏறியிருந்தது. இரண்டு நாள் வார்ட்டில் மறித்து வைத்து, சரிப்படுத்தி அனுப்பினார்கள். நல்லகாலம், அதோடு போயிற்று.

மறுநாள் அக்காவின் முன்னால் போய் நின்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பிழை என்ரைதான் தம்பி. நீங்கள் இஞ்சையைச் சொன்னியள். அதை அங்கை எண்டு எடுத்துக்கொண்டு மூண்டு கிழமை பேசாமல் இருந்தது நான்."

அந்தக் கிழமை முழுக்க அவருடைய வீட்டில்தான் நின்றேன். முதலில் அவர் வதனியின் பழைய போனை வாங்கி வரச் சொன்னார். ஆகப் பழையது எதுவோ அதுதான் வேண்டுமாம். அதை எடுத்துக்கொண்டு வளவின் கடைசியில் கிணற்றடிக்குப் போனார். அங்கேதான் சிக்னல் ஆகக் குறைவு. நான் வீட்டுக்குள் கமெராவின் முன்னால் நின்று எனக்குத் தெரிந்ததைக் கையால் காட்ட வேண்டும். அவர் கிணற்றடியிலிருந்து தெரிந்ததைச் சத்தம்போட்டுச் சொல்லுவார்.

படத்தின் அளவை ஆயிரத்தெண்பதிலிருந்து எழுநூற்றிருபதுக்கு இறக்கினேன். "நிண்டு நிண்டு வருது" என்று கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. நானூற்றெண்பதுக்கு இறக்கினேன். எனக்கு மனம் கேட்கவில்லை.

"முகம் மங்கிப் போச்சு அக்கா."

"என்ரை முகத்தைப் பாத்து என்ன செய்யப் போகினம். கை அறாமல் வருது. விடுங்கோ."

தெளிவை எப்படியாவது மீட்க வேண்டும் என்று நான் ஒரு தந்திரம் செய்தேன். செக்கனுக்கு முப்பது படம் போவதைப் பதினைந்தாகக் குறைத்தால் ஒவ்வொரு படமும் துலக்கமாக வரும். அவரிடம் சொல்லாமல் குறைத்தேன். உடனே பிடித்துவிட்டார். "என்ன செய்தனீங்கள்? விரல் தாவுது. இந்தச் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவிலை ஒண்டும் இல்லை." திரும்ப முப்பதுக்கே போனேன். கல்யாண வீட்டில் சரிகை முக்கியம். கையால் கதைக்கிறவர்களுக்கு அசைவுதான் சொல். எத்தனை வருடம் வதனியோடு ஒரே வீட்டில் வளர்ந்தேன், அதை ஒரு போன்தான் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது.

அவர் வீட்டு இணைய லைனில் படத்தை வெளியே அனுப்பும் வேகத்தைக் காலையில், மத்தியானம், மழை பெய்யும்போது என்று மூன்று தரம் அளந்தோம். ஆகக் குறைந்ததை எடுத்தார். அதிலும் பாதிதான் பாவிக்க வேண்டும் என்றார். கணக்குப் பார்த்தால் பிட்ரேட், அதாவது செக்கனுக்கு அனுப்பும் தரவு, எண்ணூறு கிலோபிட்டுக்குக் கிட்ட வந்தது. நான் நாலாயிரத்துக்குக் கீழே வேலை செய்தவனில்லை.

"மிச்சப் பாதியை ஏன் அக்கா சும்மா விடுறியள்?"

"சும்மா இல்லை. மழை கூடினால், லைன் இளைச்சால், அந்த மிச்சம்தான் எங்களைத் தாங்கும்."

பிறகு நானும் யோசிக்கத் தொடங்கினேன். ஜன்னலில் ஆடுகிற வாழை இலையும் திரையிலுள்ள பூவும் லைனில் பாதியைத் தின்றுகொண்டிருந்தன. ஜன்னலைச் சாத்தினோம். பூத்திரையைக் கழற்றிச் சாம்பல் நிறத் துணி கட்டினோம். அக்கா மஞ்சள் சேலையை விட்டு, கை எடுப்பாகத் தெரிய, கறுப்புச் சட்டைக்கு மாறினார். ரவுற்றரிலிருந்து கணினிக்கு நேரே வயர் இழுத்தேன். நாலு மணிக்கு வீட்டிலுள்ள மற்றப் போன்களின் இணைப்பை நிற்பாட்டினோம். கடைசியில் என்னுடைய மொனிற்றரில் தெரிந்த படம், பத்து வருடத்துக்கு முந்திய ரீவிப் படம் மாதிரி இருந்தது. கிணற்றடியில் அது ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அன்று கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டுதான் அந்தக் கதையைச் சொன்னார். போரில் இடம்பெயர்ந்த காலத்தில் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது, வீடும் அப்போது கரவெட்டியில் இல்லை. சனமெல்லாம் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். அவர் அந்த நேரம் மாமி வீட்டில் நின்றார். ஓடி வந்து பார்த்தால், ஒழுங்கை முழுக்கச் சனம் மூட்டையோடு போகிறது. அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"சொன்னவையிலை பிழை இல்லைத் தம்பி. அவை சத்தமாய்த்தான் சொன்னவை. சொல்லியாச்சு எண்டு நினைச்சுக்கொண்டு போயிருப்பினம்."

போனை எடுத்துக்கொண்டு, "இன்னொருக்காக் காட்டுங்கோ, பாப்பம்" என்று எழும்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து அக்கா ஒரு வழக்கம் வைத்தார். முக்கியமான ஒன்றைச் சொன்னதும் நிறுத்துவார். பார்க்கிறவர்களில் மூன்று பேர், தங்களுக்கு விளங்கியதைக் கையால் சொல்லி வீடியோ எடுத்து உடனே அனுப்ப வேண்டும். மூன்றும் சரியாக வந்தால்தான் அடுத்த விஷயம். டொக்டர் சில வேளை அலுத்துக்கொள்வார். கீரிமலைப் பெரியவருடைய வீடியோதான் எப்போதும் முதலில் வரும்.

வதனிக்கு மாதம் நிறைந்தபோது, பிரசவ அறைக்குள் வெளியாட்கள் ஒருவரையும் விடாத காலம். சீலனும் போக முடியாது, அக்காவும் போக முடியாது. உள்ளே எல்லோருடைய வாயும் மூடியிருக்கும். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதைத்து, வதனியின் போனை உள்ளே வைத்திருக்க அனுமதி வாங்கினார். அதற்கு முந்திய இரண்டு கிழமையும் வதனியும் அக்காவும் போனில் ஒத்திகை பார்த்தார்கள். பெரிய, தெளிவான சில சைகைகளை மட்டும் தேர்ந்துகொண்டார்கள். மூச்சு எடு. பொறு. முக்கு. இன்னொருக்கா. காணும், இனிப் போதும்.

அன்று காலை ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சீலன் நின்றான். நான் கரவெட்டியில், எங்கள் பக்கத்து லைனைக் காக்கிற காவல்காரனாக நின்றேன். சாம்பல் துணி, கறுப்புச் சட்டை, வயர். வீடியோ அழைப்பில் ஆகக் குறைந்த தரத்தைத் தேர்ந்து வைத்தோம். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவர் ஒரு இளம் தாதி. குரல் மட்டும் கேட்டது.

"மிஸி, நான் இப்ப என்ன காட்டுறன் எண்டு சொல்லுங்கோ" என்றார் அக்கா.

"ரெண்டு கையையும் கீழை தள்ளுறியள்."

"ஓம். அது முக்கச் சொல்லுறது. இது?"

"ஒரு விரலைச் சுத்துறியள்."

"அது இன்னொருக்கா எண்டு. சரி, உங்களுக்குத் தெரிஞ்சால் அவவுக்கும் தெரியும்."

பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் இப்படிக் கேட்டுக்கொண்டேயிருந்தார். டொக்டர் சொல்வது போன் வழியாக வரும், அக்காவின் கை அதைச் சொல்லும், உடனே, "மிஸி, இப்ப என்ன தெரிஞ்சது?" தாதியும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் திரையில் வதனி ஒரு முத்திரை அளவில் தெரிந்தாள். வேர்த்த நெற்றியும் இரண்டு கண்களும். அந்தக் கண்கள் அக்காவை விட்டு அசையவில்லை. மத்தியானம் தாண்டியது. அக்கா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

ஒன்றரை மணி இருக்கும். "இனித்தான் கடைசி, தலை தெரியுது" என்று அந்தப் பக்கம் யாரோ சொன்னது கேட்டது. அக்கா இரண்டு கையையும் தூக்கினார். திரை கறுத்துப் போயிற்று.

நான் வயரைப் பார்த்தேன், ரவுற்றரைப் பார்த்தேன். எல்லாம் சரி. திரும்ப அழைத்தேன். வதனியின் போன் நின்றுபோயிருந்தது. நாலு மணித்தியாலம் வீடியோ ஓடியதில் அதன் சார்ஜ் முடிந்திருந்தது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ பார்த்தோம், அதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பர் எந்நேரமும் பேச்சில் இருந்தது.

"அக்கா, லைன் அறுந்து போட்டுது."

"தெரியும்."

ஆனால் அவருடைய கை நிற்கவில்லை. கறுத்த திரையைப் பார்த்து முக்கச் சொன்னது, மூச்செடுக்கச் சொன்னது, இன்னொருக்கா என்றது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் கை மெல்ல மடிக்கு இறங்கியது. அக்கா அழுது நான் கண்டது அந்த ஒரு தரம்தான். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

முக்கால் மணித்தியாலம் சென்று, வதனியின் நம்பரிலிருந்தே போன் அடித்தது. வீடியோ. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். அந்தத் தாதி.

"போன் செத்துப் போச்சு அக்கா. எனக்குக் கை கால் ஓடேல்லை. அதைத் தூக்கி மேசையிலை போட்டிட்டு நானே கையாலை காட்டினன். விடியத்தொடக்கம் உங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாய்ப் போச்சு. பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்."

ஐந்தாம் நாள் வதனி வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் சொன்னாள். தாதியின் கை, வெளியூர் ஆள் எங்கள் ஊர்ப் பேச்சுக் கதைக்கிற மாதிரிக் கொச்சையாக இருந்ததாம். 'காணும்' என்பதைத் தலைகீழாகக் காட்டினாராம். ஆனாலும் விளங்கியதாம். நோவுக்குள்ளேயும் தனக்குச் சிரிப்பு வந்ததாம்.

அந்தத் தாதி ஞாயிற்றுக்கிழமை நேரலையில் சேர்ந்துகொண்டார். தன்னுடன் வேலை செய்கிற மூன்று பேரையும் சேர்த்தார். ஓரிரு மாதம் கழித்து, கைகளை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் சொல்லை எழுதி, அங்கே சுவரில் ஒட்டியிருப்பதாகச் செய்தி அனுப்பினார். அக்காவுக்குப் படம்கூட எடுத்து அனுப்பியிருந்தார். அதற்குள் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. அடுத்த கிழமையே அக்கா லீவு போட்டுவிட்டு நேரில் போனார். நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், நிற்கிறவர்களின் கண் உயரத்தில், அந்தப் படங்கள் வரிசையாக இருந்தன. நல்ல வடிவாக வரைந்திருந்தார்கள். தாதி பக்கத்தில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுவருக்குக் கிட்டப் போய் ஒவ்வொன்றையும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுமையாக இருந்த கட்டிலில் ஏறி, தலையணையில் தலை வைத்துப் படுத்தார். அங்கிருந்து சுவரைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அடி கீழை பதிச்சு ஒட்டுங்கோ, மிஸி."

தாதி ஒட்டுநாடாவைத் தேடி எடுத்து வந்தார்.